பொட்டு வைத்த லேப்டாப்

விமலனின் எட்டு மாத உழைப்புக்கு விஜயராணி போட்ட விலை இருநூற்று எண்பது வெள்ளி.

“அதுகூட மூடியில கீறல் இல்லாததுக்குத்தான்,” என்றாள். “உயிர் இல்ல தம்பி. போர்டு எரிஞ்சு கெடக்கு. ரிப்பேர் பண்ற காசுக்கு இதே மாதிரி ரெண்டு வாங்கலாம்.”

வியாழக்கிழமை, விஜயதசமி, காலை 9.10. மலாக்கா மாநிலத்து மஸ்ஜித் தானா ஊரின் கடைவரிசையில் பழைய கைப்பேசியும் பழைய லேப்டாப்பும் வாங்கி விற்கும் ஒற்றைக் கதவுக் கடை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவன் முகத்தில் ரத்தம் இல்லை.

“விக்க வரலக்கா. உள்ள இருக்கறது வேணும். நாலு மணிக்குள்ள வேணும்.”

விமலனுக்கு முப்பத்து நான்கு வயது. புக்கிட் ரம்பாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினோரு வருடம், மாடியில் சோதனைப் பிரிவு. சம்பளம் இருபத்தெட்டாம் தேதி தவறாமல் வரும். எட்டு மாதத்துக்கு முன்னால் அதை விட்டுவிட்டு வீட்டு அறையில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு செயலி செய்தான். பெயர் ‘வேன் வந்தாச்சு’. பள்ளி வேன் எந்த முனையில் திரும்புகிறது என்று அம்மாமார் கைப்பேசியில் காட்டும். இருபது வேன்களில் வெள்ளோட்டம் ஓடிக்கொண்டிருந்தது. இன்று மாலை நாலு மணிக்கு மலாக்கா டவுனில் வேன் உரிமையாளர் சங்கக் கூட்டம். மொத்தம் நூற்று நாற்பது வேன். கைப்பேசி லைன் கிடைக்காத தோட்டப்புறத்திலும் ஓடுகிற புதிய வடிவத்தைக் காட்டினால் ஓட்டெடுப்பு. காட்டாவிட்டால் அடுத்த நாற்காலியில் கோலாலம்பூர் கம்பெனி ஒன்று தயாராக உட்கார்ந்திருந்தது.

அது நாலு மணி. ஐந்து மணிக்கு இன்னொன்று இருந்தது. பழைய தொழிற்சாலையிலிருந்து போன வாரம் கடிதம் வந்திருந்தது. திரும்பி வர விருப்பமென்றால் வியாழன் மாலை ஐந்துக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். விமலனின் சேமிப்பில் மிச்சம் இரண்டு மாதச் சாப்பாடு. நாலு மணிக் கதவு சாத்திக்கொண்டால் ஐந்து மணிக் கதவுக்குள் தலையைக் குனிந்து நுழைவதைத் தவிர வேறு வழி இல்லை.

விஜயராணிக்கு வயது ஐம்பத்தொன்று. சைக்கிளில் சேலை மூட்டை கட்டி வீடு வீடாக விற்றவரின் மகள். யாரும் முதலில் சொல்லும் விலையை அவள் வாங்கியதில்லை. முதலில் சொல்லும் பதிலையும்தான்.

“நகல் எங்க?”

“வெளி டிஸ்க் ஒண்ணு இருந்துச்சு. மூணு வாரத்துக்கு முன்ன கெட்டுப்போச்சு. புதுசு வாங்கல.”

“எவ்ளோ அது?”

“நூத்தி எண்பது.”

“மிச்சம் பிடிச்சீங்க.”

“ஆமா.”

“நெட்டுல?”

“அழிச்சிட்டேன். அந்த அக்கவுண்ட் தனபாலன் பேர்ல. முன்ன என்கூட வேலை செஞ்சவன். ஆரம்பத்துல ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணோம். அப்புறம் சண்டை.”

“கடைசியா எப்ப ஓடுச்சு?”

“நேத்து அஞ்சு மணி வரைக்கும் நல்லா ஓடுச்சு. ராத்திரி ஆயுத பூஜை. சாமி ரூம்ல வெச்சு பொட்டு வெச்சோம். காலையில எடுத்தா ஆன் ஆகல.”

விஜயராணி லேப்டாப்பைக் கவிழ்த்தாள். அடிப்பக்கம் பத்து திருகாணி. ஒவ்வொன்றாக விரல் வைத்துத் தடவினாள். மறுபடியும் தடவினாள்.

“மார்ச் மாசம் உங்க கீபோர்டு மாத்துனது நான்தானே? ஒரு ஸ்க்ரூ கீழ விழுந்து தொலைஞ்சு போச்சு. வேற தலை போட்ட ஸ்க்ரூ ஒண்ண மாட்டி அனுப்புனேன். கவனிச்சீங்களா?”

“இல்லக்கா.”

“கஸ்டமர் கவனிக்க மாட்டாங்க. நான் பண்ண குறை எனக்கு மறக்காது. இதுல பத்தும் ஒரே தலை.”

பத்தையும் கழற்றினாள். டிஸ்க் இருக்க வேண்டிய பள்ளம் காலி. விமலன் குனிந்து பார்த்தான்.

“டிஸ்க்க எடுத்துட்டாங்களா?”

“டிஸ்க்க இல்ல, முழு மிஷினையே எடுத்துட்டாங்க. உங்க லேப்டாப் சாகல தம்பி. இது வேற பொணம்.” பின் தகட்டைத் திருப்பிக் காட்டினாள். கம்பெனி ஒட்டுத்தாள் உரித்த நீள்சதுரத் தடம். “உங்க கம்பெனி போன வருஷம் கழிச்சுக் கட்டுன சாமான், உங்களுதும் அதுல ஒண்ணுதானே. ஓடுறத ஸ்டாஃப்புக்கு வித்தாங்க, செத்தத பழைய இரும்புக்காரனுக்கு எடை போட்டாங்க. எங்கிட்டயும் கேட்டாங்க, நான் வேணாம்னுட்டேன். டிஸ்க் இல்லாம அறுபது வெள்ளி பெறாது.”

“போலிஸ்ல சொல்லவா?”

“சொல்லுங்க. புகார் பாரத்த நிரப்பி முடிக்கறதுக்குள்ள அஞ்சு மணி ஆயிடும்.”

மூடியைப் பார்த்தாள். நடுவில் வரிசையாக மூன்று சந்தனப் பொட்டு, மேலே குங்குமம். நடுப்பொட்டு பெரிது. நகத்தால் அதை நெம்பினாள். உடையவில்லை, உதிரவில்லை. முழுசாகக் கழன்று விரலில் வந்தது. மூடியில் மஞ்சள் கறை துளிகூட இல்லை. பொட்டின் அடியில் ஒரு துண்டு கண்ணாடி டேப், நாலு ஓரமும் கத்தரியால் நேராக வெட்டியது.

“டேப் மேல வெச்ச பொட்டு,” என்றாள்.

“கோமளாதான் வெச்சா. கறை ஆகக் கூடாதுன்னு பண்ணியிருப்பா.”

“இருக்கும்.”

விஜயராணி ‘இருக்கும்’ என்றால் வாங்கவில்லை என்று பொருள். பொட்டை சிம் கார்டு உறை ஒன்றுக்குள் போட்டு கைப்பையில் வைத்தாள். கடைக் கதவை இழுத்தாள்.

“வாங்க போவோம். பெட்ரோல் உங்களுது.”

காலை 10.20. புக்கிட் ரம்பாய் தாமான் குடியிருப்பில் ஓரத்து வீடு. விமலனின் மனைவி கோமளா கிளினிக்கில் கவுண்டர் வேலை. இன்று அரை நாள் விடுப்பு. சாமி அறை என்பது கூடத்து மூலையில் கதவு வைத்த சின்ன இடம். மேடையில் புத்தகங்கள், தையல் மிஷின், அரிவாள்மணை, திருப்புளி, கால்குலேட்டர். எல்லாவற்றிலும் மும்மூன்று பொட்டு.

விஜயராணி தையல் மிஷின் பொட்டைச் சுரண்டினாள். பொடியாக உதிர்ந்தது. மஞ்சள் தடம் நின்றது.

“டேப் ஒட்டுனீங்களா கோமளா?”

“டேப்பா? எதுக்குக்கா?”

“லேப்டாப்புக்கு?”

“விரலால தொட்டு வெச்சேன், எல்லாத்துக்கும் வெச்ச மாதிரி. சாமிக்கு வெக்கறத யாராச்சும் டேப்லயா வெப்பாங்க?”

“மூணு, நடுவுல பெருசு. மாமியார் வீட்டு வழக்கமா?”

“அவங்க ஒண்ணோட சரி. இது எங்கப்பா வீட்டு வழக்கம்.”

கைப்பேசியில் படம் இருந்தது. நேற்று மாலை 7.40க்கு எடுத்தது. விமலனின் லேப்டாப்பில் இடது பொட்டு கொஞ்சம் ஒழுகி, மூடியில் கோடு இழுத்திருந்தது. செத்த லேப்டாப்பிலோ மூன்றும் அளவுகோல் வைத்த மாதிரி.

“ஏழு நாப்பதுக்கு நல்லது இருந்திருக்கு. அப்புறம் யார் யார் உள்ள போனாங்க?”

“வந்தவங்க மூணு பேரும்தான். எல்லாரும் வெளிய போர்ச்சுல சாப்ட்டோம். காந்தன் அண்ணன் இவரு வெள்ளோட்டத்துல வேன் ஓட்டறவரு, வேன் சாவிய சாமிகிட்ட வெக்கணும்னு போனாரு. தனபாலன் கும்புட்டுட்டு வர்றேன்னு போனான். சமாதானம் பேச வந்தவன், இவரு மொகம் குடுத்துப் பேசல. அப்பா வெளக்குக்கு எண்ணெ ஊத்தப் போனாரு.”

“கையில என்ன கொண்டுவந்தாங்க?”

“காந்தன் அண்ணன் மழைக்கோட்டுப் பை. தனபாலன் ஆபீஸ்லேர்ந்து நேரா வந்தான், லேப்டாப் பை. அப்பா பொரி, வாழைப்பழம், எலை எல்லாம் ஒரு பெரிய பையில. எட்டரைக்கு நெஞ்சு கரிக்குதுன்னு முதல்ல கெளம்புனது அவருதான். ஏங்க்கா, எங்கப்பாவையுமா கேப்பீங்க?”

“கடைக்கு வந்த சாமான் எல்லாத்தையும் நான் திருப்பிப் பாப்பேன். காந்தனும் தனபாலனும் போன வருஷப் பூஜைக்கு வந்தாங்களா?”

“இல்ல. இவங்க வந்தது இதான் முதல் தடவ. போன வருஷம் இவரு லேப்டாப்பே ஆபீஸ்ல தானே.”

“உங்கப்பா?”

“வருஷா வருஷம் வருவாரு. இவரு வேல செஞ்ச அதே கம்பெனியில இருபத்து நாலு வருஷம் லைன் லீடர். இப்ப பெம்பான்ல இருக்காரு. இவரு அங்க பெர்மனென்டுன்னு கேட்டுத்தான் கல்யாணமே பேசுனாரு.”

விமலன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

“நாலு மணிக்குள்ள கெடைக்கலன்னா?” என்று கேட்டாள் கோமளா.

“கையெழுத்துப் போட வேண்டியதுதான்.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை விமலன் கவனித்தான். அதிலிருந்து அவன் முகம் மாறியது.

காலை 11.30. தொழிற்சாலை வாசல். கோப்பி நேரம். தனபாலன் நீலச் சட்டையில் வந்தான், கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேத்தாரே டீ.

“என்னடா, போலிஸ் கூட்டிட்டு வந்திருக்க?”

“போலிஸ் இல்ல. பழைய சாமான் வாங்கறவ,” என்றாள் விஜயராணி. “பையத் தொறங்க.”

திறந்தான். அதே மாடல் லேப்டாப், ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி விற்றபோது அவனும் ஒன்று வாங்கியிருந்தான். விஜயராணி அடிப்பக்கம் பார்த்தாள். பத்து திருகாணியும் ஒரே தலை.

“நேத்து ஏன் போனீங்க?”

“பேசலாம்னு போனேன்லா. கோலாலம்பூர் கம்பெனி என்னைக் கூப்புட்டுருக்கு. அவங்ககிட்ட போறதுக்கு முன்ன இவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லலாம்னு. இவன் சுண்டலப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தான்.”

“அவங்களுக்காக இவரு வேலைய எடுத்தீங்களா?”

தனபாலன் கோபப்படவில்லை. சிரித்தான்.

“அக்கா, நான் திருடறதா இருந்தா மிஷினை ஏன் தூக்கறேன்? பத்து நிமிஷம் போதும். உள்ள இருக்கறத காப்பி பண்ணிட்டு, மிஷினை சாமிகிட்டயே வெச்சிட்டு, வெளிய வந்து வடை சாப்ட்ருப்பேன். இவனுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரிஞ்சிருக்காது.”

“பாஸ்வேர்டு?”

“இவன் பொண்டாட்டி பொறந்த நாளு. மாத்திட்டியாடா?”

விமலன் தலையைச் சொறிந்தான்.

“பாத்தீங்களா,” என்றான் தனபாலன். “மிஷினைத் தூக்கிட்டுப் போனவனுக்கு உள்ள இருக்கறது வேணாம். இவன்கிட்ட இல்லாம இருந்தா போதும்.”

விஜயராணி அவனைப் புதிதாகப் பார்த்தாள். சந்தையில் தன்னைப் போலவே தட்டிப் பார்த்துத் தேங்காய் வாங்குகிற ஆளைக் கண்ட பார்வை.

“உள்ள மிஷின் லைன்ல பூஜை போடுவீங்களா?”

“இப்பயா? அதெல்லாம் நிறுத்தி ஒம்பது வருஷம் ஆச்சு. நான் சேந்தே ஆறுதான். கேன்டீன்ல பழைய படம் ஒண்ணு மாட்டியிருக்கு, பாத்திருக்கேன்.”

“நீங்க?” விமலன் பக்கம் திரும்பினாள்.

“நான் மாடி. லைனுக்கு எறங்கினதே கெடையாது.”

மதியம் 12.45. பள்ளிக்கூட வாசல். காந்தனின் மஞ்சள் வேன் புளியமர நிழலில் நின்றது. கண்ணாடியில், சக்கரத்தில், கைப்பிடியில், கை போன இடத்திலெல்லாம் சந்தனம். எண்ணினால் பதினெட்டு இருபது வரும்.

“உங்க ஆப்பு என் பொழப்புல மண்ணப் போட்டுச்சு,” என்றான் காந்தன், விமலனைப் பார்த்து. “ஒன்றரை மணிக்கு நான் எங்க நின்னு சாப்புடறேன்னு முப்பது அம்மாமாருக்குத் தெரியுது. ஒரு நாள் பொறிச்ச கோழி வாங்கப் போனேன். அதுக்கு நாலு போனு.”

“அதனால லேப்டாப்ப மாத்திட்டீங்களா?” விஜயராணி கேட்டாள்.

“எந்த லேப்டாப்பு?”

“சாமி ரூம்ல இருந்தது.”

“இந்தாம்மா. நாலு மணிக்குக் கூட்டம். அங்க எழுந்து வேணாம்னு கையத் தூக்குவேன், நாலு பேரையும் தூக்க வெப்பேன். தொறந்து சொல்ல வாயி இருக்கறப்ப நான் ஏன் திருடணும்?”

“அப்ப பூஜைக்கு ஏன் போனீங்க?”

“பூஜைக்குக் கூப்புட்டா போவாம இருப்பாங்களா? அது வேற, இது வேற.”

கைப்பேசியை நிறுத்த முன்பலகையில் பட்டை டேப் ஒட்டியிருந்தான். விமலன் விஜயராணியின் கையைத் தொட்டான். அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். வெள்ளி நிற முரட்டு டேப், பல்லால் கடித்துக் கிழித்தது. கண்ணாடிப் பொட்டை விரலால் தேய்த்தாள். மஞ்சளாக இழுபட்டது.

“ஈரத்துணி போட்டாத்தான் போகும்,” என்றான் காந்தன்.

“தெரியுது,” என்றாள்.

மதியம் 1.20. விமலனின் காடி பெம்பான் பக்கம் ஓடியது. இருபுறமும் செம்பனை. விமலன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

“அக்கா, கோமளாவா?”

“ஏன் கேக்கறீங்க?”

“செத்த லேப்டாப்புக்கு யாரோ முன்கூட்டியே பொட்டு வெச்சு எடுத்துட்டு வந்திருக்காங்க. கத்தரியால வெட்டுன டேப்பு. சாமி ரூம்ல நின்னு அப்படி வெட்ட முடியாது.”

“சரி.”

“அப்ப, என் லேப்டாப்புல எத்தன பொட்டு, எங்க, எது பெருசுன்னு வெக்கறதுக்கு முன்னாடியே தெரியணும். வந்ததுல ரெண்டு பேரு முதல் தடவ வந்தவங்க.”

“சரி.”

“வெச்சது அவ. காலையில நான் கையெழுத்துன்னு சொன்னப்ப ஒண்ணுமே பேசல. நான் வேலைய விட்ட அன்னிக்கும் பேசல.”

விஜயராணி சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “கெட்டுப்போன அந்த டிஸ்க்ல வாரா வாரம் நகல் ஏத்துனது யாரு?”

“சில வாரம் நானு. சில வாரம் அவதான்.”

“அவளுக்குக் காப்பி பண்ணத் தெரியும். டிஸ்க் செத்துப்போச்சுன்னும் தெரியும். நீங்க வேலைக்குத் திரும்பணும்னா அவ ஒரு ஃபைல அழிச்சிட்டு சும்மா இருந்திருக்கலாம். அறுபது வெள்ளிக்குப் பொணம் வாங்கிச் சுமக்க வேண்டியதில்ல. தனபாலன் சொன்னான் பாருங்க, அதான் கணக்கு. இவ்வளவு கஷ்டப்பட்டு மிஷினைத் தூக்கினது, வேலை அந்த டப்பாவுக்குள்ளதான் இருக்குன்னு நம்பற ஆளு.”

விமலன் சாலையை விட்டு அவள் பக்கம் திரும்பினான்.

“ரோட்டப் பாத்து ஓட்டுங்க,” என்றாள்.

மதியம் 1.55. பெம்பான். கோமளாவின் அப்பா மருதமுத்து வாசலில் பனியனோடு நின்றிருந்தார். அறுபத்தேழு வயது, நிமிர்ந்த முதுகு. மருமகன் காடியைக் கண்டதும் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பித்தான் ஒன்று மாறியிருந்தது.

“வாங்க மாப்பிள்ள. என்ன இந்த நேரத்துல?”

“லேப்டாப் போயிடுச்சு மாமா.”

“அடடா. கெட்டுப்போச்சா? நாந்தான் சொன்னேனே, மிஷினை நம்பிப் பொழைக்க முடியுமான்னு. சரி விடுங்க. அஞ்சு மணிக்குள்ள கம்பெனிக்கு அந்தத் தாள அனுப்பிடுங்க.”

விஜயராணி உள்ளே வரவில்லை. வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளைச் சுற்றி வந்தாள். பெட்ரோல் டேங்கில் மூன்று பொட்டு. வேக மீட்டரின் கண்ணாடியில் மூன்று பொட்டு, நடுவில் பெரிது. வெயில் பட்டு பொட்டின் விளிம்பு மினுங்கியது.

“அய்யா, லைன்ல எத்தன வருஷம்?”

“இருபத்து நாலு. இவங்க யாரு மாப்பிள்ள?”

“ஆயுத பூஜை அன்னிக்கு மிஷினுக்குப் பொட்டு வெக்க விட்டாங்களா?”

மருதமுத்துவுக்குப் பிடித்த பேச்சு. முகம் மலர்ந்தது. “விடாம? ஜப்பான்காரன் மொதல்ல மாட்டேன்னான். தூசு பட்டா சிப்பு கெட்டுப்போவும்னான். நாந்தான் பேசி வழி பண்ணேன்.”

“என்ன வழி?”

அவர் கண் மீட்டர் கண்ணாடிக்குப் போனது.

விஜயராணி மீட்டர் மேலிருந்த நடுப்பொட்டை நகத்தால் நெம்பினாள். முழுசாக வந்தது. கைப்பையிலிருந்து சிம் உறையை எடுத்தாள். மோட்டாரின் இருக்கை மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அடியில் டேப். நாலு ஓரமும் நேர்.

“நான் சொல்றேன். மிஷினுக்கு மேல மொதல்ல டேப்ப வெட்டி ஒட்டணும். பொட்டு டேப்புக்கு மேல. பூஜை முடிஞ்சா ஒரே இழுப்பு, சந்தனமும் இல்ல, தூசும் இல்ல. சாமிக்கும் சந்தோஷம், ஜப்பான்காரனுக்கும் சந்தோஷம். இருபத்து நாலு வருஷம் நூத்துக்கணக்கான மிஷினுக்கு இந்தக் கைதான் வெட்டி ஒட்டுச்சு. லைன்ல பூஜை நின்னு ஒம்பது வருஷம் ஆச்சு. தனபாலன் சேந்தது அதுக்கப்புறம். உங்க மாப்பிள்ள மாடியில. காந்தன் சந்தனத்த அப்புறவன். கோமளா விரலால தொட்டு வெக்கறவ. நேத்து அந்த வீட்டுக்கு வந்தவங்கள்ல டேப்ப ஒட்டிப் பொட்டு வெக்கற கை உங்களுது ஒண்ணுதான்.”

“டேப்பு எல்லார் வீட்லயும் இருக்கும்மா.”

“இருக்கும். ஆனா நேத்து நீங்க பொட்டு வெச்சது செத்த மிஷினுக்கு. எடைக்கு வாங்குன மிஷினு. அதுக்குக் கறை பட்டா என்ன, தூசு பட்டா என்ன? தெரியாதவன் நேரா வெச்சிருப்பான். உங்க கைக்கு அது வரல. செத்துப்போனதுக்கும் டேப்ப ஒட்டித்தான் வெச்சுது. கோமளா மூணு வெப்பா, நடுவுல பெருசுன்னும் உங்களுக்குத் தெரியும். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே. அதனால வீட்லயே ரெடி பண்ணி, வாழையெலைக்கு அடியில வெச்சுக் கொண்டுபோனீங்க. எண்ணெ ஊத்தற நேரத்துல மாத்துனீங்க. நெஞ்சு கரிக்குதுன்னு எட்டரைக்குக் கெளம்பிட்டீங்க. மருதமுத்து அய்யா, எங்க வெச்சிருக்கீங்க?”

விமலன் மாமனாரைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார்.

“ஒடைக்கல மாப்பிள்ள. தொறக்கக்கூட இல்ல. அஞ்சு மணி தாண்டினதும் நானே கொண்டுவந்து குடுத்திருப்பேன்.”

“எங்க மாமா?”

“உள்ள.”

உள்ளே சுவரோரம் சாமிப் படங்கள். நடுவில் புது வேட்டி மடிப்பின் மேல் விமலனின் லேப்டாப். கோமளா வைத்த பொட்டு அப்படியே, இடதுபக்கம் ஒழுகிய கோடோடு. ஒரு செம்பருத்தி. பக்கத்தில் வெற்றிலை, சுண்டல், எரிகிற விளக்கு.

விஜயராணி நாற்பது வருட வியாபாரத்தில் திருட்டுச் சாமான் நிறையப் பார்த்தவள். படையல் போட்ட திருட்டுச் சாமான் இதுதான் முதல்.

“சரஸ்வதிய நடுப்பூஜையில தூக்கிட்டு வந்துட்டேன்,” என்றார் மருதமுத்து. “காலையில வெளக்கு ஏத்தாம விட முடியுமா?”

“ஏன் மாமா?”

“பொண்ணு கேட்டு வந்தப்ப உங்க வீட்ல என்ன சொன்னாங்க? மாப்பிள்ள பெர்மனென்டு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் குடுத்தேன். வீடு கேக்கல, காடி கேக்கல. தோட்டத்துல நாள் சம்பளத்துக்கு நின்னவன் நான். மழை பெஞ்சா அன்னிக்கு அடுப்பு எரியாது. அந்தக் கம்பெனி வாசல்ல மூணு நாள் போயி உக்காந்து எச்.ஆர். பொண்ணுகிட்ட கெஞ்சித்தான் அந்தக் கடுதாசியே வாங்குனேன்.”

கம்பெனி தன்னைத் தேடியதாக ஒரு வாரமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த சின்னப் பெருமையும் விமலனுக்கு அந்த இடத்தில் போனது. லேப்டாப்பை எடுத்தான். திருப்பினான். பத்தில் ஒன்பது ஒரு மாதிரி, ஒன்று வேறு. பொத்தானை அழுத்தினான். திரை விழித்தது.

மதியம் 2.30.

“காடியில ஏறுங்க மாமா,” என்றான். “கோமளாகிட்ட நீங்களே சொல்லுங்க.”

மாலை 4.00. சங்கக் கட்டடத்தின் மேல்மாடி. விமலன் இருபது நிமிடம் காட்டினான். லைன் இல்லாத இடத்தில் வேன் போய், வெளியே வந்ததும் திரையில் வேன் புள்ளி தன்னால் முன்னே குதித்தது. பின்வரிசையில் யாரோ “நல்லாருக்கு லா” என்றார்கள். காந்தன் எழுந்து, தனக்கு வேண்டாம் என்று சொன்னபடியே சொன்னான். கை தூக்கினார்கள். செயலாளர் எண்ணினார். வேண்டும், ஐம்பத்தெட்டு. வேண்டாம், முப்பத்தொன்று. யோசிக்க வேண்டும், ஐம்பத்தொன்று. நிறைவேற எழுபத்தொன்று வேண்டும். யோசிக்கிறவர்கள் ஞாயிறு மதியத்துக்குள் படிவத்தில் கையெழுத்திடலாம் என்று அறிவித்துவிட்டு அவர் மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்.

4.56. விமலன் கைப்பேசியில் அந்தக் கடிதம் திறந்திருந்தது. கையெழுத்துக்கு ஒரு கட்டம். விரல் அதன் மேல் நின்றது.

கிளினிக்கிலிருந்து நேராக வந்திருந்த கோமளா அவன் கையிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். அணைத்தாள். தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“காலையில நீ ஒண்ணுமே பேசல,” என்றான்.

“நீங்க கேக்கல. சொன்னீங்க.”

5.00 ஆனது. 5.01 ஆனது. மண்டபத்தில் வேறொன்றும் ஆகவில்லை.

மருதமுத்து கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். மகளிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இப்போது கோமளா அவர் எதிரே போய் நின்றாள்.

“எத்தன மணி நேரம் வெச்சிருந்தீங்க?”

அவர் மனதுக்குள் எண்ணினார். “பதினெட்டு.”

“பதினெட்டு மணி நேரம் வேல செஞ்சு குடுங்க.” யோசிக்கிறவர்களின் பட்டியலையும் படிவத்தையும் அவர் மடியில் வைத்தாள். “ஓவர்டைம் வேணாம்னு நின்ன முந்நூறு பேர்கிட்ட கையெழுத்து வாங்குனவரு நீங்க. எல்லாரும் கீழ கார் பார்க்குலதான் நிக்கறாங்க.”

“நான் போயி என்னத்த சொல்றதும்மா? எனக்கே இதுல நம்பிக்க இல்லையே.”

“லைன்ல மட்டும் நம்பிக்கையோடவா கேட்டீங்க?”

விஜயராணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்தப் பேரத்தில் தனக்கு வேலை இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

மருதமுத்து கண்ணாடியைப் போட்டுப் பட்டியலைப் படித்தார். மேலிருந்து கீழே ஒரு முறை. “தர்மேந்திரன்... இவன் அப்பன் என் லைன்லதான் இருந்தான்,” என்று முனகினார். எழுந்தார். பித்தானைச் சரி செய்தார். படிக்கட்டில் இறங்கினார்.

5.35க்குத் திரும்பி வந்தார். சட்டை முதுகு நனைந்திருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் படிவத்தைக் கோமளாவிடம் நீட்டினார். அவள் பேனா முனையால் ஒவ்வொரு கையெழுத்தாகத் தொட்டு எண்ணினாள், பிறகு விமலனுக்குக் கேட்கும்படி மறுபடி எண்ணினாள். புதிதாக ஒன்பது. ஐம்பத்தெட்டும் ஒன்பதும் அறுபத்தேழு. எழுபத்தொன்றுக்கு இன்னும் நாலு வேன் பாக்கி. பதினெட்டு மணி நேரத்தில் கழிந்தது அரை மணி.